இருபத்தெட்டு சதவீதம்

என் பெயரை மட்டும் நான் மிக அழகாக எழுதுவேன். பிராமி. மூன்றே எழுத்து. நாலாவது எழுத்து ஒன்று இருந்திருந்தால் என்ன கதி ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆதிநாதர் உலகத்துக்கு எழுத்தைக் கொடுத்தபோது முதலில் தன் மகள் பிராமிக்குத்தான் கற்றுக்கொடுத்தார் என்று எங்கள் ஜைனர் வீடுகளில் சொல்வார்கள். அப்பா அந்தப் பெயரை எனக்கு வைத்தபோது என் விரல்கள் நன்றாகத்தான் இருந்தன. ஒன்பது வயதில் மூட்டுவாதம் வந்தது. மருந்து, ஊசி, எண்ணெய் எல்லாம் பார்த்து முடிந்தபோது வலதுகை விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மணிக்கட்டு முரண்டு பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இடதுகையும் சுமார்தான். ஆனாலும் அப்பா விடவில்லை. மண்டியிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்து என் பெயரை எழுதச் சொல்லுவார். ஒரு வருடம் அந்த மூன்று எழுத்தையே எழுதினேன். அதனால்தான் அந்த அழகு. மற்றதெல்லாம் ஒரு பக்கம் தாண்டினால் கோழி கிளறிய குப்பை, ஒன்றரைப் பக்கம் தாண்டினால் அதுவும் இல்லை.

அம்மா வேறு வழியில் விடவில்லை. அவள் பெயர் கௌசல்யா. பேர்தான் சாது. சுடிதார் வாங்கினால் முதலில் துப்பட்டாவின் நீளத்தைத்தான் பார்ப்பாள். அது வலது தோளிலிருந்து இறங்கி விரல் நுனி வரை மூட வேண்டும். கல்யாண வீட்டுப் போட்டோக்களில் என் வலதுகை யாராவது ஒருவருக்குப் பின்னால் இருக்கும். காஞ்சிபுரத்தைச் சுற்றி எங்கள் சனம் கொஞ்சம்தான், ஒரு வீட்டில் தும்மினால் பத்து ஊரில் கேட்கும். அந்தத் தும்மலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் ஜனனி அத்தை. அப்பாவுக்குப் பெரியப்பா மகள், செவிலிமேட்டில் எங்களுக்கு அடுத்த தெரு. அத்தை வருகிறார் என்றால் அம்மா அடுப்பைக்கூட அப்புறம்தான் பார்ப்பாள், முதலில் என் துப்பட்டாவைத்தான் இழுத்துவிடுவாள்.

பன்னிரண்டாவது வரை எப்படியோ ஓட்டிவிட்டேன். கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். அங்கே மூன்று மணி நேரப் பரீட்சை, பக்கம் பக்கமாகக் கட்டுரை. இரண்டாம் பருவத்தில் இரண்டு பாடம் போய்விட்டது. தெரியாமல் போயிருந்தால் நானே என்னைத் திட்டிக்கொண்டிருப்பேன். எல்லாம் தெரிந்து, தலைக்குள் பதில் வரிசையாக நின்றுகொண்டிருக்க, விரல் மட்டும் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அந்த எரிச்சலை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேள்வித்தாளின் கடைசிக் கேள்வியை நான் ஒரு பரீட்சையிலும் எட்டியதில்லை.

காந்தா மிஸ்தான் என்னைத் துறைக்குக் கூப்பிட்டுக் கேட்டார்.

"எழுதினது வரைக்கும் முழு மார்க் வந்திருக்குது. மிச்சம் எங்கமா? தூங்கிட்டியா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில்தான் துப்பட்டாவை விலக்கிக் கையைக் காட்டினேன். வீட்டுக்கு வெளியே ஒருவருக்குக் காட்டியது அதுதான் முதல் தடவை. மிஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை.

"ஸ்க்ரைப் கேக்கலாமே. நீ சொல்லு, இன்னொருத்தர் எழுதட்டும். டைமும் மணிக்கு இருவது நிமிஷம் சேத்துக் குடுப்பாங்க. மாற்றுத்திறனாளி சர்ட்டிஃபிகேட் வெச்சிருக்கியா?"

இல்லை. எப்படி இருக்கும்? அன்று சாயந்திரம் வீட்டில் கேட்டபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கார்டு வாங்கினா பேரு கவர்ன்மெண்ட்ல ஏறிடும். நாளைக்கு உன்ன பாக்க வர்றவங்க கேட்டா இன்னா சொல்றது?"

"ஃபெயில் ஆனவள்னு சொல்லு. அது நல்லா இருக்குமா?"

மூன்றாம் பருவத்தில் ஐந்து பாடம், பழைய பாக்கி இரண்டு, ஆக ஏழு. இதிலும் நான்கு போனால் அம்மா, 'போதும், வீட்லயே இரு' என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு எம்.ஏ. படிக்க வேண்டும், அதற்குப் பிறகும் படிக்க வேண்டும். அப்பா ஸ்ரீபாலன் அதிகம் பேசாதவர். அன்று தட்டைப் பார்த்துக்கொண்டே, "கார்டு பர்ஸ்குள்ள கெடக்கப்போவுது. வாங்கிக்கினு வரட்டும்" என்றார். அம்மா கரண்டியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு கூடும் நாளன்று அம்மா என்னைக் காலையிலேயே உட்காரவைத்து ஜடை பின்னினாள். புதுச் சுடிதார். பஸ்ஸில் போகும்போது காதோடு சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கூனாத உக்காரு. கேட்டா தெளிவா பதில் சொல்லு. முடியாது, தெரியாதுனு மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத."

சத்தியமாக அது பெண் பார்க்க வருபவர்களுக்கு முன்னால் சொல்லும் வசனம். அம்மாவுக்கு வேறு வசனம் தெரியாது. பத்து வருடமாக அந்த ஒரு நாளுக்குத்தான் அவள் என்னைத் தயார் செய்துகொண்டிருந்தாள். என் புத்தி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நானும் தயாராகித்தான் இருந்தேன் போலிருக்கிறது.

உள்ளே ஐம்பது வயதில் ஒரு பெண் டாக்டர். எக்ஸ்ரேயைப் பார்த்தார், விரல்களை அப்படியும் இப்படியும் மடக்கிப் பார்த்தார்.

"பட்டன் போடுவியா?"

"போடுவேன் மேடம்."

"தலை சீவிக்குவியா?"

"சீவிக்குவேன்."

"எல்லா வேலையும் செய்வா டாக்டர். சமையல்கூட நல்லா செய்வா" என்றாள் அம்மா. நான் வெந்நீர்கூட வைத்ததில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தைத் தள்ளி, "எழுது பாக்கலாம்" என்றார். எதை எழுதுவேன்? என் பெயரை எழுதினேன். அப்பா பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார், அவ்வளவு நன்றாக வந்தது.

"அழகா இருக்குதே" என்றார் டாக்டர். நான் பெருமையாகச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பையன் வீட்டாருக்குப் பிடித்துவிட்ட மாதிரி இருவரும் சந்தோஷமாக பஸ் ஏறினோம்.

இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. இருபத்தெட்டு சதவீதம்.

கல்லூரி அலுவலகத்தில் தேர்வுப் பிரிவைப் பார்ப்பவர் முருகேசன் சார். சான்றிதழை ஒரு தடவை பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நாப்பது வேணும்மா. நீ இருபத்தெட்டுதான்."

"கைய பாருங்க சார்."

"கைய பாக்க நான் டாக்டர் இல்லமா. எனக்குப் பேப்பர்ல நாப்பது இருக்கணும். கிரேஸ் மார்க் போட்டு பாஸ் பண்ண இது பரீட்சையும் இல்ல."

"அப்ப இன்னும் பன்னண்டு பர்சன்ட் கெட்டுப்போன அப்புறம் வரட்டுமா சார்?"

அறையில் இருந்த இரண்டு பேர் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். முருகேசன் சார் சான்றிதழை மடிக்காமல், மூலை கசங்காமல், உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அந்த மரியாதை இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றாக எழுதியதற்காக ஃபெயில் ஆகியிருக்கிறேன், அதை யாரிடம் போய்ச் சொல்வது? படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒளிக்கக் கற்றுக்கொடுத்த அம்மா மேல் கோபம், கற்றுக்கொண்ட என் மேல் அதைவிடக் கோபம்.

காந்தா மிஸ் இரண்டு நாள் எங்கெங்கோ கேட்டு ஒரு காகிதத்தோடு வந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். நாற்பதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனியாக ஓர் உத்தரவு இருக்கிறது. எழுதுவதில் சிரமம் என்று அரசு டாக்டர் அதற்கென்று உள்ள படிவத்தில் எழுதிக் கொடுத்தால் சதவீதம் பார்க்க வேண்டியதில்லை. முருகேசன் சார் படித்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பச்சை ஃபைலை எடுத்துப் புரட்டினார். அதே உத்தரவு அங்கேயே இருந்தது, அவர் கையால் போட்ட தேதியோடு.

"நானேதான் ஃபைல் பண்ணிருக்கேன். படிக்கல" என்றார். முகம் சிறுத்துவிட்டது. "வெள்ளிக்கிழம சாயந்திரம் லிஸ்ட் யூனிவர்சிட்டிக்குப் போவுதுமா. இன்னிக்கு புதன். அதுக்குள்ள கொண்டா. உன் பேருக்கு ஒரு எடம் வுட்டு வெக்கறேன்."

படிவத்தில் கல்லூரி நிரப்ப வேண்டிய இடங்களை எல்லாம் அவரே நிரப்பிக் கொடுத்தார்.

வியாழன் காலை மறுபடி அதே மருத்துவமனை. அம்மாவை வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வந்தாள். பஸ்ஸில் இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை, பேசினால் சண்டை வரும் என்று இருவருக்கும் தெரியும்.

டாக்டருக்கு என்னை நினைவிருந்தது.

"நீ நல்லா எழுதினியேமா" என்றார் படிவத்தைப் பார்த்துவிட்டு. குரலில் நட்பு இல்லை. "பர்சன்ட் கம்மியா வந்ததும் திரும்பி வந்து கைய மடக்கிக் காட்டறவங்கள தினம் பாக்கறேன். அன்னிக்கு எல்லாம் செய்வேன்னு சொன்ன. இன்னிக்கு எழுதவே முடியாதுன்ற. இதுல எது பொய்?"

"அன்னிக்கு சொன்னதுதான் மேடம் பொய்."

அவர் பேனாவை எடுக்கவில்லை. எடுக்காமல் போனால் வெள்ளிக்கிழமை போய்விடும், ஏழு பாடமும் போய்விடும்.

"என் பேரு வேணாம் மேடம். அது மட்டும் நல்லா வரும். ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்க. ரெண்டு பக்கம் சொல்லுங்க."

டாக்டர் மேஜையில் கிடந்த செய்தித்தாளை மடித்து, ஏதோ ஒரு செய்தியைக் காட்டி, "இத எழுது" என்றார். பாலாற்றில் தண்ணீர் வருவதைப் பற்றிய செய்தி. ஓர் ஓரமாக நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பெயர் எழுதத் துப்பட்டா ஒரு தடை இல்லை. பக்கம் எழுதத் தடை. அது மேஜையோரத்தில் மாட்டும், பேனாவில் சுற்றும். அதை எடுத்து இடது தோளில் போட்டேன். வருகிறவர், போகிறவர், ஊன்றுகோலோடு நின்றவர், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர் எல்லோரும் பார்க்கிற மாதிரி என் கை மேஜைமேல் கிடந்தது. அம்மா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

நாலாவது வரியில் மணிக்கட்டு சூடேறியது. ஏழாவது வரியில் எழுத்துகள் கோட்டை விட்டு மேலே ஏறத் தொடங்கின. வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்தி, கையை மடியில் ஒளித்து, யாரும் பார்க்காமல் தேய்த்துக்கொள்வேன். அன்று நிறுத்தவில்லை. ஒன்பதாவது வரியில் நடுவிரல் பூட்டிக்கொண்டது. இடது கையால் விரல்களைப் பிடித்துப் பேனாவைச் சுற்றி அழுத்திவைத்து இன்னும் இரண்டு வரி எழுதினேன். பதினோராவது வரியில் 'பொதுப்பணித்துறை' என்று ஒரு வார்த்தை. பொதுவோடு சரி. பேனா கீழே விழுந்து உருண்டு போயிற்று.

அதை எடுத்தது அம்மா. எடுத்துக்கொண்டு என்னிடம் வராமல் டாக்டரிடம் போனாள்.

"அன்னிக்கு நான்தான் சொல்லிக்குடுத்து கூட்டியாந்தேன் டாக்டர். பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட சொல்ற மாதிரி. இவளுக்கு ஜடை பின்றது நான். பட்டன் போட்டு வுடறது நான். தினம் காலைல வெந்நீர்ல கைய வெச்சி ஒவ்வொரு விரலா நீட்டி வுடறது நான். பதினோரு வருஷமா செய்யறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேமா."

"சொல்லாம பாத்துக்கறதுக்குத்தான் டாக்டர் நான் கூட வந்தேன்."

என்னிடம்கூட அம்மா இப்படிப் பேசியதில்லை. எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

டாக்டர் என் பதினோரு வரியை வாங்கிப் பார்த்தார், என் விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார். பிறகு படிவத்தை இழுத்து எழுதினார். எழுதும்போதே, சதவீதத்தையும் மறுபடி பார்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம், பரீட்சை முடிந்ததும் வா என்றார். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அந்தக் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெளியே வந்ததும் அதை அம்மாவிடம் சொன்னேன், அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

அன்று மத்தியானமே முருகேசன் சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். எனக்காக விட்டுவைத்திருந்த இடத்தில் பெயரை எழுதினார். அதற்குப் பிறகுதான் அடுத்த குண்டைப் போட்டார்.

"சொல்றத எழுதறவங்க உன்னவிட ஒரு படி கம்மியா படிச்சவங்களா இருக்கணும்மா."

வீட்டில் அப்பா விரல்விட்டு எண்ணினார். மாமா மகன் ஸ்ரேயாஸ் இன்ஜினியர். சித்தப்பா மகன் சந்தீப் சி.ஏ. படிக்கிறான். இன்னொரு அத்தையின் மகள்கள் பி.எட். எங்கள் சனத்தில் பட்டம் வாங்காதவர்களைத் தேடினால் கைக்குழந்தைகள்தான் மிச்சம். பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம் ஆபத்துக்கு உதவவில்லை. கல்லூரியில் முதலாம் ஆண்டு வணிகவியல் மாணவன் லோகேஷை அனுப்பினார்கள். நல்ல பையன், ஆனால் பொறுமை கிடையாது. நான் "பல்லவர்கள்" என்று ஆரம்பித்தால் அவன் அந்த வாக்கியத்தை அவனாகவே முடித்துவிடுவான். "இதானக்கா சொல்ல வந்தீங்க" என்பான். பாதி நேரம் அது இல்லை.

அப்போதுதான் ஜீவிதாவின் நினைவு வந்தது. பன்னிரண்டாவது வரை என் பெஞ்சு. என்னைவிட மார்க் அதிகம், முத்து மாதிரி கையெழுத்து. பிள்ளையார்பாளையத்தில் அவள் அப்பா தறியில் கரை வாங்க, அதாவது சேலையின் ஓரத்தை நெய்துகொடுக்க, ஆள் இல்லாததால் கல்லூரிக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவும் போகவில்லை. பார்த்தால் என்ன பேசுவது என்று ஒரு கூச்சம். இப்போது காரியத்துக்காகப் போகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அவள் தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் சேலையின் உடல் பகுதியை நெய்கிறார், ஓரத்துக் கரைக்கு மட்டும் இவள் நூல் வைத்த நாடாக்கட்டையை வீசுகிறாள். நான் கதையை எல்லாம் சொன்னேன். படிப்பு குறைந்த ஆள் வேண்டும் என்ற இடத்தில் வாய் குழறியது.

"படிக்காம போனதுக்கு இன்னிக்குத்தான் ஒரு வேல கெடச்சிருக்குது" என்றாள் ஜீவிதா. முகத்தில் சிரிப்பு பாதிதான் இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். "எட்டாவதுலயே எனக்குத் தெரியும்டி. நீ மறைக்கிற, நான் இன்னாத்துக்கு கேக்கறது? வரேன் வுடு. தறில புதுசா வந்த அண்ணி உக்காந்துக்குவாங்க."

பழகிப் பார்க்க அங்கேயே ஒரு பத்தி சொன்னேன். நான் சொன்னதை மட்டும் எழுதினாள். நான் நிறுத்தினால் அவள் பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. இரண்டு நிமிடம் நான் யோசித்தேன், அந்த இரண்டு நிமிடமும் அது அசையவில்லை.

"லோகேஷ் மாதிரி நீ முந்திக்க மாட்டியா?"

"எங்கப்பா மிதி போடற வரைக்கும் நாடா என் கைலயேதான் நிக்கும். நான் முந்தினா கரை கோணிக்கும்" என்றாள். அவள் அப்பா தறியை விட்டுக் கண்ணெடுக்காமல் தலையாட்டினார்.

பரீட்சை மத்தியானம் இரண்டு மணிக்கு. எல்லோருக்கும் ஐந்து மணிவரை, எனக்கு ஆறு. அந்தச் செய்தியைக் கேட்டதும் அம்மா வேறு கவலையைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பொழுது இறங்கிய பிறகு சோறு கிடையாது. நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே சூரியன் போய்விடும். அரசாங்கம் கொடுக்கிற ஒரு மணி நேரம் என் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறது.

"அஞ்சரைக்கு முடிச்சிட்டு வந்துடு. டப்பாவோட கேட்ல நிக்கறேன்."

"அம்மா, அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இவ்ளோ அலைஞ்சது."

"சரி சரி. முடிஞ்சா வா."

எங்களுக்குத் தனி அறை. கண்காணிக்க ஒரு ஆசிரியர், நான், ஜீவிதா. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முதல் அரை மணி என் வலதுகை தானாகவே எழுதுகிற மாதிரி மேஜைமேல் துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் அடங்கிப் போயிற்று. தலைக்குள் நின்றுகொண்டிருந்த பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வந்தன. ஒரு பக்கம் முடிவதற்குள் வழக்கமாக வருகிற வலி வரவில்லை. வராத வலிக்காக நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஐந்து மணிக்கு மணி அடித்தது. வெளியே செருப்புச் சத்தம், பேச்சு, வண்டிகள் கிளம்பும் ஓசை. ஆசிரியர் பழக்கத்தில் எழுந்தார், மறுபடி உட்கார்ந்துகொண்டார். எனக்கு இன்னும் இரண்டு கேள்வி இருந்தது, ஒரு மணி நேரமும் இருந்தது. ஒரு பரீட்சை அறையில் நான் ஆற அமர யோசித்தது அன்றுதான். கடைசிக் கேள்வி கோயில் நிலங்களைப் பற்றியது. அந்தக் கேள்வியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன், படிக்கப் படிக்க ஆனந்தமாக இருந்தது. ஜீவிதாவின் பேனா தாளுக்கு மேலே நின்று காத்திருந்தது.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "அவ்ளோதான்" என்றேன். ஜீவிதா பேனாவை மூடிவிட்டுக் கையை உதறினாள்.

"ஐயோ, விரலு ஒடிஞ்சிடுச்சுடி. எப்படித்தான் இவ்ளோ எழுதறாங்களோ."

என் பரீட்சைக்கு இன்னொருத்தி கை வலிக்கிறது. அதைக் கேட்கச் சந்தோஷப்படுவது பாவம்தான், ஆனாலும் பட்டேன்.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வாசலில் அம்மா டப்பாப் பையோடு நின்றாள். பக்கத்தில் ஜனனி அத்தை. அத்தை மகளும் அதே கல்லூரிதான். ஐந்து மணிக்கே வெளியே வந்திருப்பாள். மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக அத்தை நின்றிருக்கிறார். பொழுது இறங்கியும் நின்றிருக்கிறார். விஷயத்துக்காகத் தன் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டவர் எங்கள் சனத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

"இன்னாடி இவ்ளோ நேரம்? எல்லாரும் போயாச்சு. மயக்கம் கியக்கம் போட்டுட்டியோனு பயந்துட்டேன். கேட்டா உங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்றா."

நான் துப்பட்டாவைத் தேடினேன். அது மருத்துவமனை நாளிலிருந்தே இடது தோளில்தான் இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"அவளுக்குக் கை வராது அண்ணி. ஒம்போது வயசுலேர்ந்து மூட்டுவாதம். ஒரு பக்கத்துக்கு மேல எழுத முடியாது. இவ சொல்லுவா, இந்தப் பொண்ணு எழுதும். அதுக்கு ஒரு மணி நேரம் சேத்துக் குடுத்திருக்காங்க. நாளைக்கு யாருனா கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்."

அத்தை அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார்.

"கை விஷயம்தான் எங்க எல்லாருக்கும் தெரியுமே கௌசல்யா. பத்து வருஷமா அந்தப் புள்ள தலையிலேர்ந்து கால் வரைக்கும் துப்பட்டாவ சுத்திக்கினு வருது, எங்களுக்குக் கண்ணு இல்லயா? நீயா சொல்லட்டும்னு நாங்க கேக்கல. எழுத முடியாத அளவுக்குனுதான் தெரியாது. இந்த மணிக்கணக்கும் தெரியாது."

ஜீவிதா முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அம்மா சிரித்தாளா அழுதாளா என்று அந்த வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்து வருஷம்" என்று மட்டும் சொன்னாள்.

எலுமிச்சை சாதத்தை ஜீவிதாவிடம் கொடுத்தாள். எங்கள் மூன்று பேருக்கும் இனி விடிந்த பிறகுதான். ஜீவிதா மதில் ஓரத்தில் நின்றபடியே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். எனக்கு நல்ல பசி. அந்தப் பசிகூட அன்று நன்றாக இருந்தது.

செவிலிமேடு பஸ் வந்தது. அம்மா காலி டப்பாவைப் பையில் போட்டாள். அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பையை என் வலது மணிக்கட்டில் மாட்டினாள். வெளியில் அந்தக் கையில் அம்மா எதையும் கொடுத்ததில்லை.

"கனமா இருக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லமா" என்றேன். கனமே இல்லை.